நுழைவுத் திறனறித் தேர்வு: வீட்டிலா, மையத்திலா?

முதுநிலைப் படிப்பில் சேர எழுதும் ஜிஆர்இ போன்ற சில தேர்வுகளை வீட்டிலிருந்தும் எழுதலாம், தேர்வு மையத்துக்குப் போயும் எழுதலாம். ஜிஆர்இயைப் பொறுத்தவரை கேள்வி அமைப்பு, நேரம், கட்டணம் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். ஆகவே எது சுலபம் என்று யோசிக்காதீர்கள், எங்கே இடைஞ்சல் குறைவு என்று பாருங்கள்.

பலர் கவனிக்காத விஷயம், கணக்குப் போட்டுப் பார்க்கும் தாள். மையத்தில் தாளும் பென்சிலும் அவர்களே தருவார்கள். வீட்டில் ஜிஆர்இ எழுதினால் சாதாரணத் தாளுக்கு அனுமதி கிடையாது. ஒரு சிறிய வெள்ளைப் பலகை, அல்லது கண்ணாடி போன்ற உறைக்குள் வைத்த ஒரு தாள், அதோடு அழிக்கக்கூடிய மார்க்கர், அவ்வளவுதான். தடித்த முனையில் பின்னங்களை எழுதினால் நாலு வரியிலேயே இடம் தீர்ந்துவிடும். வீட்டில்தான் எழுதப் போகிறீர்கள் என்றால் இன்றிலிருந்தே பலகையில் பழகுங்கள். இதை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில் எழுதும்போது அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது, கதவு மூடியிருக்க வேண்டும், கட்டிலில் உட்கார்ந்து எழுத முடியாது, ஹெட்போனும் கூடாது. தனி அறையோ நம்பகமான இணையமோ இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம், மையம்தான் நல்லது. அங்கே கணினி மக்கர் செய்தாலும் கவனிக்க ஆள் இருப்பார்கள்.

அப்புறம், நீங்கள் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகம் வீட்டுத் தேர்வை ஏற்கிறதா என்று பணம் கட்டும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.