சீக்குக் கோழிக்கு முதலில் சூடு, பிறகுதான் மருந்து

கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம், நோய் கண்ட கோழிகளில் பல அந்த நோயால் சாவதற்கு முன்பே குளிரால் செத்துவிடுகின்றன. கோழியின் உடல் சூடு 41 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். அதைக் காப்பாற்ற அது தின்றுகொண்டே இருக்க வேண்டும். நோய் வந்தால் தீனியைத்தான் முதலில் விடும். மார்கழி ராத்திரியில் உறைபனி இறங்கும் இடத்தில் தின்னாத கோழி ஒரு நாள் தாங்கலாம், இரண்டாம் நாள் சந்தேகம். கீழ்மலையில், பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம், குளிர் குறைவு; ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்த கோழிக்கு அங்கும் இதே கதைதான்.

கண்டுபிடிப்பது

காலையில் பனிக்கு எல்லாக் கோழியும் இறகைச் சிலுப்பிக்கொண்டுதான் நிற்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெயில் ஏறி, மற்றவை மண்ணைக் கிளற ஆரம்பித்த பிறகும் ஒன்று மட்டும் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தூங்கி விழுந்தால் அது சீக்கு. கூட்டத்தோடு இருக்கும்வரை கோழி நோயைக் காட்டிக்கொள்ளாது. நம் கண்ணுக்குத் தெரியும்போது இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும்.

பிடித்துப் பாருங்கள். மார்பெலும்பு கத்தி மாதிரி கையில் பட்டால் நோய் இன்று நேற்று வந்ததல்ல. கொண்டை வெளுத்திருந்தால் ரத்தம் குறைவு: குடற்புழுவோ, ராத்திரியில் ரத்தம் குடிக்கும் செள்ளோ காரணமாக இருக்கலாம். கொண்டை கருநீலமாக இருந்தால் மூச்சு அல்லது ரத்த ஓட்டக் கோளாறு. கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். மாலையில் நிறைந்தும் விடியும்போது காலியாகவும் இருப்பதுதான் சரி. எச்சம் கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பியோடு விழ வேண்டும். நடுநடுவே சாக்லேட் நிறத்தில் களி மாதிரி ஒன்று விழும். அதைக் கழிச்சல் என்று பயந்து மருந்து கொடுப்பவர்கள் நிறையப் பேர். அது குருட்டுக்குடலிலிருந்து வருவது, நோயல்ல.

மூச்சுச் சத்தம் பகலில் கேட்காது. இரவு எட்டு மணிக்கு மேல் கூட்டுக்கு வெளியே இரண்டு நிமிடம் சும்மா நின்று கேளுங்கள். கரகரப்போ, தும்மலோ இருந்தால் அப்போது தெரியும்.

தனிப்பெட்டி

ஆப்பிள் வரும் அட்டைப்பெட்டி போதும்; இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம் இருந்தால் நல்லது. அடியில் இரண்டு அங்குலம் மர இழைப்புத்தூள். பொடி ரம்பத்தூள் வேண்டாம், மூச்சில் ஏறும். பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் ஒன்றரை அடி உயரத்தில் 60 வாட் குண்டு பல்பு. எல்இடி பல்பில் சூடு வராது. ஒரு மூலை சூடாகவும் எதிர்மூலை சாதாரணமாகவும் இருந்தால் கோழி தனக்கு வேண்டிய இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். பல்புக்கு நேர் கீழே 28 முதல் 30 டிகிரி வரை போதும். வாயைத் திறந்து, இறக்கையை அகட்டி நின்றால் சூடு அதிகம், பல்பை உயர்த்துங்கள். பல்பைக் கம்பியில் கட்டுங்கள், சணலில் வேண்டாம். சணல் கருகி அறுந்து, பல்பு இழைப்புத்தூளில் விழுந்தால் வீடே போய்விடும்.

மழைக்காலத்தில் கரண்ட் போவது மலையில் புதிதல்ல. இரண்டு லிட்டர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி வையுங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மூடிய அறையில் கரியடுப்பு வைப்பது மட்டும் கூடவே கூடாது. அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு வாசனை இல்லை. கோழியோடு அதே அறையில் படுப்பவரையும் கொண்டுபோய்விடும்.

பெட்டி மற்ற கோழிகளிலிருந்து முப்பது அடியாவது தள்ளி இருக்கட்டும். தினமும் நல்ல கோழிகளுக்குத் தீனி வைத்து முடித்த பிறகே சீக்குக் கோழியிடம் போக வேண்டும். அதற்கென்று தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். நோய் பெரும்பாலும் செருப்பில்தான் நடந்து போகிறது.

தண்ணீரும் தீனியும்

சூட்டுக்கு அடுத்தது தண்ணீர். கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தை, ஒரு லிட்டருக்குப் பதிலாக இரண்டு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து முதல் நாள் மட்டும் வையுங்கள். அடுத்த நாளிலிருந்து வெறும் நீர். தானாகக் குடிக்காவிட்டால் அலகின் ஓரத்தில் சொட்டு சொட்டாக விடுங்கள், ஒரு தடவைக்கு 5 மில்லி, பகலில் ஐந்தாறு தடவை. வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. ஊற்றிய நீர் நேரே நுரையீரலுக்குப் போகும். "மருந்து கொடுத்தேன், உடனே செத்துப்போச்சு" என்று சொல்லப்படும் சாவுகளில் பல இப்படி வந்தவை.

குடிக்க ஆரம்பித்த பிறகு குருணைக் கஞ்சியில் அவித்த முட்டையின் மஞ்சள் கருவை மசித்துக் கொஞ்சம் கொஞ்சமாக. தீனிப்பை நிறைந்திருந்தால் எதுவும் வேண்டாம்.

என்ன நோய்?

*தீனிப்பைக் கட்டு.* விடியற்காலையில் தீனிப்பை பந்து மாதிரி கெட்டியாக இருந்தால் இதுதான். மேல்மலையில் மேய்ச்சல் நிலத்து நீளப் புல்லை இழுத்துத் தின்று, நார் சுருண்டு அடைத்துக்கொள்வது வழக்கமான காரணம். கெட்டித் தீனியை ஒரு நாள் முழுக்க நிறுத்துங்கள். 3 முதல் 5 மில்லி நல்லெண்ணெயைச் சொட்டு சொட்டாக விட்டு, நாளைக்கு நான்கு தடவை, ஐந்து நிமிடம் விரலால் மெல்லப் பிசைந்து விடுங்கள். பை கெட்டியாக இல்லாமல் தண்ணீர்ப் பலூன் மாதிரி இருந்து, வாயில் புளித்த நாற்றம் வந்தால் உள்ளே பூஞ்சை. அதற்குப் பிசைதல் உதவாது. தலைகீழாகப் பிடித்துக் கக்க வைப்பார்கள். செய்யாதீர்கள், அதுவும் நுரையீரலுக்கே போகும். இரண்டிலும் ஒன்றரை நாளில் சரியாகாவிட்டால் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

*முட்டை அடைப்பு.* கோழி நிமிர்ந்து நின்று வாலை மேலும் கீழும் ஆட்டும், முக்கும், முட்டை வராது. முதல் முட்டையிடும் வெடைக்கோழிக்கும், கொழுத்த கோழிக்கும் அதிகம் வரும். சுண்ணாம்புச் சத்துக் குறைவு இன்னொரு காரணம். மழை அரித்த மலை மண்ணில் அந்தச் சத்து குறைவு. அதனால் உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் எப்போதும் வைத்திருங்கள். சிகிச்சை: 38 முதல் 40 டிகிரி வெந்நீரில் (உங்கள் முழங்கையில் இதமாகத் தெரியும் சூடு) வயிறு மூழ்க இருபது நிமிடம் உட்கார வைத்து, ஆசனவாயில் தேங்காய் எண்ணெய் தடவி, இருட்டான சூட்டுப் பெட்டியில் விடுங்கள். இங்கே மலைக்காரர்கள் தவறும் இடம், துவட்டாமல் விடுவது. இறகின் அடிப்பஞ்சு வரை காய வேண்டும், இல்லாவிட்டால் முட்டை வந்தாலும் கோழி தங்காது. முட்டையை உள்ளேயே உடைக்க முயலாதீர்கள்; ஓட்டுத்துண்டு முட்டைக்குழாயைக் கிழிக்கும்.

*வெள்ளைக்கழிச்சல்.* பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாய் பிளந்து மூச்சு வாங்கும், பிழைத்தால் கழுத்து முறுக்கிக்கொள்ளும். இது வைரஸ். இதற்கு மருந்து இல்லை. சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், மலைப்பூண்டு, கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது தெம்புக்கு உதவலாம், வைரஸைக் கொல்லாது. தடுப்பூசிதான் வழி: குஞ்சுக்கு ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து, எட்டாம் வாரத்தில் இறக்கைத் தோலுக்கடியில் அரை மில்லி ஊசி. பிறகு ஆண்டுதோறும். அரசு கால்நடை மருந்தகங்கள் பிப்ரவரியில் இருவார முகாம் நடத்தி இலவசமாகப் போடுகின்றன. தாங்களே வாங்கி வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "மலைதானே, குளிர்தானே" என்று ஐஸ் இல்லாமல் வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்தால், மேலே வந்து சேர்வது வெறும் தண்ணீர். கலக்கிய மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். சீக்காக இருக்கும் கோழிக்குப் போடக் கூடாது.

அய்யலூர் சந்தையிலோ வேறு எங்கோ வாங்கிய கோழியை மூன்று வாரம் தனியாக வைத்த பிறகே மற்றவற்றோடு விடுங்கள்.

*ரத்தக்கழிச்சல்.* மூன்று முதல் எட்டு வாரக் குஞ்சுகளுக்கு, ஈரத் தரையில். ஆம்ப்ரோலியம் 20 சதவீதத் தூள், குடிநீர் லிட்டருக்கு 1.2 கிராம், ஐந்து நாள். அந்த நாட்களில் வைட்டமின் டானிக்கை நிறுத்துங்கள். அதில் உள்ள பி1 மருந்தின் வேலையைக் கெடுக்கும். தரையை மாற்றாவிட்டால் மருந்து வீண்.

*சளி, முகவீக்கம்.* மலையில் இதற்குப் பாதிக் காரணம் நம் அக்கறைதான். குளிருக்குப் பயந்து கூட்டைச் சுற்றி சாக்கும் தார்ப்பாயும் போட்டு இறுக்கி மூடுகிறோம். எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா உள்ளேயே நின்று மூச்சுப் பாதையை அரிக்கிறது, பிறகு எந்தக் கிருமியும் சுலபமாக ஏறுகிறது. கோழி உட்காரும் உயரத்தில் காற்று அடிக்கக் கூடாது. அதே சமயம் கூரைக்குக் கீழே சுற்றிலும் ஆறு அங்குலம் திறந்திருக்க வேண்டும். காலையில் கூட்டுக்குள் குனியும்போது உங்கள் கண் எரிந்தால் கோழிக்கு ராத்திரி முழுக்க எரிந்திருக்கிறது.

*விஷம்.* பட்டர் ஃப்ரூட் பழத்தோல், கொட்டை, இலை எதுவும் கோழிக்கு ஆகாது, இதயத்தைப் பாதிக்கும். கீழ்மலையில் காபித் தோட்டம் தோறும் இந்த மரம் இருப்பதால் உதிர்ந்த பழத்தைப் பொறுக்கிவிட வேண்டும். பச்சை கண்ட உருளைக்கிழங்கும் அதன் முளையும் அப்படியே. சந்தைக்குப் போன பிறகு மிஞ்சும் முட்டைக்கோஸ், கேரட் இலையை இலவசத் தீனி என்று அள்ளி வருவதற்கு முன், கடைசியாக எப்போது மருந்து அடித்தார்கள் என்று கேளுங்கள்.

ஒரே நாளில் பல கோழிகள் செத்தால் இந்தப் பட்டியலைத் தேட வேண்டாம். எதையும் விற்காமல், யாருக்கும் கொடுக்காமல், கால்நடை உதவி மருத்துவரிடம் சொல்லுங்கள். செத்து ஒரு நாளுக்குள், ஃப்ரீசரில் வைக்காமல் குளிர்ச்சியாகக் கொண்டுபோனால் அறுத்துப் பார்த்துச் சொல்வார்கள். உயிரோடிருக்கும் பத்துக் கோழிக்கு ஊகத்தில் மருந்து கொடுப்பதைவிட அது மலிவு.

ஆன்டிபயாட்டிக்கை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். கோலிஸ்டினைக் கால்நடைத் தீவனத்திலும் சிகிச்சையிலும் பயன்படுத்த 2019இல் இந்தியாவில் தடை வந்தது. மனிதருக்கு வேறு மருந்து கேட்காதபோது கடைசியாகக் கொடுப்பது அது. எந்த மருந்தானாலும் எத்தனை நாள் முட்டையைத் தின்னக் கூடாது என்று மருத்துவரிடம் கேட்டு, அந்த முட்டைகளைப் புதைத்துவிடுங்கள்.

நோயில் செத்த கோழி குழம்புக்கு ஆகாது. மூன்றடிக் குழி, மேலே சுண்ணாம்பு, அதன்மேல் கல். கல் வைக்காவிட்டால் காட்டுப்பன்றி தோண்டிவிடும்.

முட்டை விலையில் இதெல்லாம் எங்கே?

ஒரு சீக்குக் கோழியை ஐந்து நாள் வைத்துப் பார்த்தால் 60 வாட் பல்புக்கு மட்டும் 7.2 யூனிட். அது பெரிய காசல்ல. பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வண்டிக்கூலியும், போன ஒரு நாள் கூலியும் சேர்த்தால் கோழியின் விலையைத் தாண்டிவிடும். அதனால்தான் பலர் வைத்தியம் பார்ப்பதில்லை. அதனால்தான் வைத்தியம் பார்ப்பவர் விற்கும் முட்டைக்கு விலை அதிகம்.

பத்து நாட்டுக்கோழிக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இங்கே போட்டிருக்கும் விலை உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். மேய்ச்சல் போக ஒரு கோழிக்கு நாளைக்கு 90 கிராம் தீவனம்: வருடத்துக்கு 328 கிலோ. மலை ஏற்றிய கிலோ 36 ரூபாய் என்றால் 11,800 ரூபாய். கூடு 15,000 ரூபாய், ஐந்து வருடம் உழைத்தால் வருடம் 3,000. கீரிக்கும் நோய்க்கும் மூன்று கோழி போய், பதிலுக்கு மூன்றை வளர்க்க 1,050. தடுப்பூசிக்குப் போய்வருவது, மருந்து, இழைப்புத்தூள், கரண்ட் 1,500. மொத்தம் 17,350. நாட்டுக்கோழி வருடத்துக்கு 80 முட்டை போட்டாலே நல்ல கோழி. 800 முட்டைக்கு வகுத்தால் ஒன்று 21 ரூபாய் 70 காசு ஆகிறது. தினம் அரை மணி வேலைக்கு மணிக்கு 50 ரூபாய் என்று சேர்த்தால் 33 ரூபாய்.

கிராமப்பிரியா போன்ற கலப்பினம் 180 முட்டை போட்டால், நாளைக்கு 110 கிராம் தின்றாலும் கூலி நீங்கலாக 11 ரூபாய்க்கு வரும். நியாயமாக வளர்த்து விற்க நினைப்பவர்கள் இதில் தொடங்கலாம். "நாட்டுக்கோழி முட்டை 12 ரூபாய்" என்று யாராவது விற்றால், அது நாட்டுக்கோழி அல்ல, இல்லை அவர் நட்டத்தில் விற்கிறார்.

கூண்டுக் கோழி முட்டையோடு ஒப்பிடுவதில் பயனில்லை. அங்கே ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாளுக்கும் குறைவு. நம் கூட்டில் தலைக்கு மூன்று சதுர அடி விட வேண்டும், ஏனென்றால் மழை பிடித்தால் நாள் கணக்கில் உள்ளேதான் கிடக்கும். இரண்டு சதுர அடியாகக் குறைத்தால் கூட்டுச் செலவு குறையும். மூன்றாம் நாள் மழையில் ஒன்றின் வாலை ஒன்று கொத்த ஆரம்பிக்கும், அப்போது தனிப்பெட்டியையும் பல்பையும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.