‘வேலூரில்’ என்ற சொல்லுக்குள் ‘வேலூர்’ இல்லை: உரைத் தேடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் ஒரு செருப்புக் கடைக்காக, வாடிக்கையாளர் முகவரிகளில் தேடும் சின்ன புரோகிராம் ஒன்றை எழுதினேன். காட்பாடி முகவரிகளைக் கேட்டால் சத்துவாச்சாரி முகவரிகள் எல்லாம் வந்து நின்றன. ‘காட்பாடி’ என்றே தொடங்கும் முகவரி ஒன்றுகூட வரவில்லை.

தவறு என்னுடையதுதான். பைத்தான் என்ற புரோகிராம் மொழியில், உரைக்குள் சொல்லைத் தேடும் ஃபைண்ட் தருவது ஆமா இல்லையா என்ற பதிலை அல்ல, சொல் இருக்கும் இடத்தை. தேடிய சொல் தொடக்கத்திலேயே இருந்தால் 0, எங்குமே இல்லாவிட்டால் -1. அதை அப்படியே இஃப் நிபந்தனையில் போட்டால் 0 பொய்யாகிவிடும், -1 மெய்யாகிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அதே வேலையைச் செய்யும் இன்டெக்ஸ்ஆஃபும் இப்படித்தான். சொல் இருக்கிறதா என்று மட்டும் தெரிந்தால் போதுமென்றால் பைத்தானில் ‘இன்’, ஜாவாஸ்கிரிப்டில் ‘இன்க்லூட்ஸ்’ பயன்படுத்துங்கள்.

சரி, இது எந்த மொழி உரைக்கும் வரும் தவறு. தமிழில் தேடும்போது இன்னும் கவனம் வேண்டும். ‘வேலூரில் வசிப்பவர்’ என்ற வரியில் ‘வேலூர்’ என்று தேடினால் கிடைக்காது. நமக்கு ‘ர்’ ஓர் எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ‘ர’ தனிக் குறியீடு, புள்ளி தனிக் குறியீடு. ‘ரி’யில் அந்தப் புள்ளி இருந்த இடத்தில் இகரக் குறி வந்துவிடுகிறது. கடைசிப் புள்ளியை விட்டு ‘வேலூர’ என்று தேடினால் இரண்டும் சிக்கும். ‘ஆற்காட’ என்று தேடினால் ஆற்காடு, ஆற்காட்டில் இரண்டும் வரும். ஆனால் ராணிப்பேட்டை மாவட்டத்து ஆற்காடு ஊரோடு, 1989-இல் பிரிக்கப்பட்ட பழைய வட ஆற்காடு மாவட்டமும் சேர்ந்தே வரும். முன்னால் ‘வட’ இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்க வேண்டும்.

எண்ணிக்கையும் இப்படித்தான். ‘வேலூர்’ என்பதன் நீளம் பைத்தானுக்கு 3 அல்ல, 6. முதல் மூன்றை வெட்டினால் ‘வேல’தான் மிஞ்சும்.

என்னை அதிக நேரம் அலைக்கழித்தது தோட்டப்பாளையம். திரையில் ஒன்றுபோலவே தெரியும் இரண்டு முகவரிகளில் ஒன்று மட்டும் கிடைத்தது. ‘தோ’வில் உள்ள ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் இருக்கலாம். தேடும் முன் நார்மலைஸ் செய்துவிட்டால், அதாவது இப்படிப் பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டால், இரண்டும் ஒன்றாகிவிடும். முகவரிக்கு மட்டும் செய்தால் போதாது, தேடும் சொல்லுக்கும் செய்யுங்கள்.

அப்புறம் ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேடும் முறை. முழுச் சொல்லைப் பிடிக்க, சொல் தொடங்கும், முடியும் இடங்களைக் காட்ட அதிலுள்ள சொல் எல்லைக் குறியைத் தமிழில் நம்பாதீர்கள். இந்தத் தேடலுக்காகப் பைத்தானோடு வரும் ஆர்இ தொகுப்பு நம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்வதில்லை. ‘வேலூர்’ அதற்கு வ, ல, ர என்று மூன்று துண்டு. இடைவெளியையும் நிறுத்தக்குறிகளையும் வைத்து நாமே சொற்களைப் பிரித்துக்கொண்டு தேடலாம்.