ஊதாப் புள்ளியைக் கண்டதும் ‘மலேரியா’ என்று கத்தாதீர்கள்

போன கிழமை பயிற்சிக்கு வந்த பிள்ளை ஒருத்தி ஸ்லைட்டில் பூசிய இரத்தப் படலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணெடுக்காமலே “அண்ணை, மலேரியா!” என்றாள். எட்டிப் பார்த்தேன். சிறுதட்டு, அதாவது இரத்தம் உறைய உதவும் சின்னத் துணிக்கை. சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் முன்பு திருகோணமலையில் ஒரு லேப்பில் நானும் இதே கூத்தைத்தான் ஆடினேன். ஸ்லைட்டில் இலக்கம் போடாதது, எண்ணெய் விட மறந்தது எல்லாம் ஒருநாள் ஏச்சு வாங்கினால் சரியாகிவிடும், அவற்றை விடுவோம்.

மேலே கிடப்பதா, உள்ளே இருப்பதா?

குருதிச் சிறுதட்டு ஒன்று செங்குழியத்தின் மேல் வந்து குந்திக்கொண்டால், படலத்துக்கு ஏற்றும் கீம்சா சாயத்தில் பார்க்க, செங்குழியத்துக்குள் இருக்கும் அசல் மலேரியா ஒட்டுண்ணி மாதிரியே இருக்கும். ஆனால் ஒட்டுண்ணியில் இரண்டு நிறம் வேண்டும்: சிவந்த கருப் புள்ளி, அதோடு ஒட்டிய நீலக் குழியவுரு. சிறுதட்டு முழுக்க ஊதா, மணல் தூவியது போல, பெரும்பாலும் சுற்றிவர வெளிறிய ஒரு வளையம். நுண்குவியத் திருகியை மெல்ல அசைத்துப் பாருங்கள். செங்குழியம் தெளிவாகும்போது அது மங்கினால் மேலேதான் கிடக்கிறது. அப்புறம் பக்கத்தில் தனியாகக் கிடக்கும் சிறுதட்டுகளோடு அளவையும் நிறத்தையும் ஒப்பிடுங்கள். அன்று திருகோணமலையில் நான் இதில் ஒன்றையும் செய்யவில்லை, அவசரத்தில் ‘பொசிட்டிவ்’ என்று எழுதிவிட்டேன். 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லை என்று சான்று கொடுத்த நாட்டில், வெளிநாடே போகாத ஒரு மீனவருக்கு! ஆட்கள் அவர் வீட்டுக்குப் போய், அயலவர் விரலையெல்லாம் குத்தி இரத்தம் எடுத்து, கடைசியில் என் ஸ்லைட்டை இன்னொருவர் பார்த்துச் சிறுதட்டு என்றார். அந்த மனுசன் இன்றைக்கும் சந்தையில் கண்டால் “தம்பி, நுளம்பு சுகமோ?” என்று கேட்கிறார்.

தடித்த படலத்துக்கு மெதனோல்

வேண்டாம். குழியங்களைக் கரையாமல் பதியவைக்கும் அது, ஒற்றை அடுக்காய் இழுத்த மெல்லிய படலத்துக்கு. துளியைக் குவித்து விட்ட தடித்ததில் செங்குழியம் கரைய வேண்டும், மெதனோல் பட்டால் கரையாது.

கிணற்றுத் தண்ணீரில் சாயம் கரைப்பது

கூடாது. அமிலத்தன்மை மாறாமல் வைத்திருக்கும் பிஎச் 7.2 தாங்கற் கரைசல்தான். அமிலத்தன்மை கூடினால் வைவாக்ஸ் என்ற மலேரியா ஒட்டுண்ணி இனம் புகுந்த செங்குழியத்தில் விழும் ஷுஃப்னர் புள்ளிகள் தெரியாமலே போகும், பிறகு எந்த இனம் என்று தலையைச் சொறிய வேண்டியதுதான். பழைய சாயத்தை வடிகட்டாமல் ஊற்றினால் படிவு விழும், அதையும் ஒட்டுண்ணி என்பார்கள்.

மாரிக்காலம்

ஈரக்காற்றில் படலம் மெதுவாகக் காயும்போது செங்குழியத்துக்குள் பளபளவென்று வெற்று வளையங்கள் விழும். குவியத்தை அசைத்தால் மினுங்கும், சாயம் மட்டும் ஏறியிருக்காது. மின்விசிறிக்குக் கீழே வையுங்கள்.

எறும்பு

மூடி வையுங்கள். இரத்தப் படலத்தைத் தின்றுவிடும்.