‘ரொம்ப’வை ஆங்கிலத்தில் எங்கே வைப்பது?

சிங்கப்பூருக்கு வந்த புதிதில், 50 கிலோ சிமெண்ட் மூட்டையைக் காட்டி சூப்பர்வைசரிடம் “வெரி ஹெவி” என்றேன். அவரும் “யெஸ், வெரி ஹெவி” என்று தலையாட்டிவிட்டு, தூக்கு என்று கையைக் காட்டினார். என்னால் முடியாது என்பதைத்தான் சொல்ல வந்தேன். அதற்கு “டூ ஹெவி” என்றிருக்க வேண்டும். ‘வெரி’ என்றால் கனம் அதிகம், அவ்வளவுதான். ‘டூ’ என்றால் அளவு மீறிவிட்டது. நம் ‘ரொம்ப’ இரண்டையும் சமாளித்துவிடும். வம்பே அங்குதான் ஆரம்பிக்கிறது.

முதலில், ‘ரொம்ப’வுக்கு அடுத்து வருவது எந்த வகைச் சொல் என்று பாருங்கள். ஹாட், ஸ்மால் போன்ற பண்புச்சொல்லா? கவலையில்லை, ‘வெரி’ அதன் முன்னால் நிற்கும்: “தி டீ இஸ் வெரி ஹாட்.” வினைச்சொல் என்றால் கவனம். ‘ரொம்பப் பிடிக்கும்’ என்பதை “ஐ வெரி லைக்” என்று சொல்லக் கூடாது. “ஐ லைக் இட் வெரி மச்” என்று கடைசியில் போடுங்கள்.

பெயர்ச்சொல்லில்தான் நம்மவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். ஞாயிறு மாலை தேக்காவிலிருந்து (சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா பகுதி) போன் செய்பவர் “வெரி க்ரௌட்” என்பார். க்ரௌட் பெயர்ச்சொல், வெறும் ‘வெரி’ அதோடு ஒட்டாது. “வெரி க்ரௌடட்” என்று பண்புச்சொல்லாக்குங்கள். இல்லையென்றால் நடுவில் ஒரு பண்புச்சொல்லைச் செருகி “எ வெரி பிக் க்ரௌட்” என்று சொல்லுங்கள். ‘எ’ முதலில், ‘வெரி’ அதன் பிறகு.

‘இவ்வளவு’ என்று வியக்கும்போது இந்த வரிசை மாறும். பண்புச்சொல் மட்டும் இருந்தால் ‘சோ’: “தி ரூம் இஸ் சோ ஸ்மால்.” பெயர்ச்சொல்லும் கூட வந்தால் ‘சச்’: “இட் இஸ் சச் எ ஸ்மால் ரூம்.” இங்கே ‘எ’ பின்னால் போய்விட்டது, பார்த்தீர்களா?

அப்புறம் ‘இனஃப்’. பண்புச்சொல்லுக்குப் பின்னால் வரும்: “ஸ்ட்ராங் இனஃப்.” பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்: “இனஃப் சுகர்.” இதற்குக் காரணம் தேடாதீர்கள், அப்படியே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

காப்பிக்கடையில் ‘வெரி ஷியோக்’ (ரொம்பப் பிரமாதம்) என்று தாராளமாகச் சொல்லலாம். சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலமான சிங்லிஷாக இருந்தாலும் ‘வெரி’ சரியான இடத்தில்தான் இருக்கிறது.

சரி, இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: ரொம்ப நல்ல வேலை. இவ்வளவு நீளமான வரிசை! இந்தச் சட்டை எனக்குப் போட முடியாத அளவுக்குச் சின்னது.

விடை: “எ வெரி குட் ஜாப்.” “சச் எ லாங் க்யூ!” “திஸ் ஷர்ட் இஸ் டூ ஸ்மால் ஃபார் மீ.”