பழைய கீசரைக் கழற்றிப் புதியது மாட்ட: என்ன தேவை, எவ்வளவு ஆகும்?

கீசர் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டால் பெரும்பாலும் கடையில் ஒட்டியிருக்கும் விலையைத்தான் சொல்வார்கள். மீதிச் செலவு உங்கள் பாத்ரூமில் இருக்கிறது: சுவர், வயர், பைப், எர்த். இவை நான்கையும் பார்க்காமல் கீசரை வாங்கி வந்துவிட்டால், மாட்ட வருபவர் நின்றுகொண்டே ஒவ்வொன்றாகச் செலவு சொல்வார். சுவரில் மாட்டும் டேங்க் வகை மின்சார கீசரை வைத்துத்தான் இங்கே சொல்கிறேன். தமிழ்நாட்டு வீடுகளில் அதுதான் அதிகம்.

படி 1: மாற்றத்தான் வேண்டுமா?

தண்ணீர் சூடாகவில்லை என்பதற்காக மட்டும் கீசரைத் தூக்கிப் போட வேண்டாம். ஹீட்டிங் எலிமென்ட்டோ, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோ போயிருக்கலாம். இரண்டையும் மாற்றலாம், கூலியோடு சேர்த்து ஆயிரம், இரண்டாயிரத்தில் முடிந்துவிடும். சுவிட்ச் போட்டதும் எம்சிபி (கரன்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்தாலும் பெரும்பாலும் எலிமென்ட்தான் காரணம்.

டேங்கே ஓட்டையாகி, உடம்பின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டினால் கதை வேறு. அதைப் பற்றவைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். ஆனால் சொட்டுவது டேங்கா, குளிர்ந்த தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் சேஃப்டி வால்வா என்று முதலில் பாருங்கள். சூடாகும்போது தண்ணீர் விரிவடையும், அப்போது அந்த வால்வு கொஞ்சம் சொட்டுவது இயல்பு. அதைத் துணி வைத்தோ மூடி போட்டோ அடைப்பவர்கள் இருக்கிறார்கள். அழுத்தம் வெளியேற வழி இல்லாமல் டேங்க் வெடிக்கக்கூட வாய்ப்பு உண்டு.

படி 2: கரன்ட் வேலையைப் பாருங்கள்

பணம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். 15, 25 லிட்டர் கீசர்கள் பெரும்பாலும் 2000 வாட். 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சின்ன 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட் இதற்கு ஆகாது, 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். மெயின் பாக்ஸிலிருந்து கீசருக்கென்று தனி லைன், குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், அதற்கு ஒரு எம்சிபி. 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் என்றால் 4 சதுர மில்லிமீட்டர் வயர் போடுவது நல்லது. சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும்.

அடுத்து எர்த், அதாவது கசியும் கரன்ட்டைத் தரைக்குக் கொண்டுபோகும் வயர். பழைய வீடுகளில் பிளக்கில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதற்குப் பின்னால் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் எர்த் இல்லை என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் கீசர் மாட்டக் கூடாது.

வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பாருங்கள். எம்சிபி இருக்கிறதே, போதாதா என்று பலர் கேட்பார்கள். அது வயர் எரியாமல் பார்த்துக்கொள்ளும். ஈரக் கையோடு ஷவரைத் தொடும் ஆளுக்கு ஷாக் அடிக்கும்போது கரன்ட்டைத் துண்டிப்பது ஆர்சிசிபி. விலை இரண்டாயிரம் சொச்சம் வரும். ஸ்டார் அதிகமுள்ள கீசருக்குக் கூடுதலாகக் கொடுப்பதைவிட அந்தப் பணத்தை இதில் போடச் சொல்வேன்.

படி 3: சுவரும் பைப்பும்

25 லிட்டர் கீசரில் தண்ணீர் நிரம்பினால் மொத்தம் 35 கிலோவைத் தாண்டும். செங்கல் சுவர் தாங்கும். இப்போதைய அடுக்குமாடிகளில் வரும் இலகு கல் சுவரில் சாதாரண போல்ட் பிடிக்காது, அதற்கேற்ற ஆங்கர் வேண்டும். பழைய கீசரின் ஓட்டைகள் புதியதற்குப் பொருந்துவது அபூர்வம். புதிதாகத் துளைபோடும்போது டைல்ஸ் விரிசல் விடலாம், அதற்கும் மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். லாஃப்டுக்கு அடியில் மாட்டுவதாக இருந்தால் உயரத்தை அளந்து எழுதி வையுங்கள்.

சுடுதண்ணீர் போகும் பைப் சிபிவிசியா என்று பாருங்கள், அது வெளிர் மஞ்சள் நிறத்தில் இருக்கும். சாதாரண பிவிசி சூட்டில் இளகிவிடும். அப்புறம் அழுத்தம். தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் சுமார் 1 பார். மாடித் தொட்டியிலிருந்து நேராக இறங்கும் தனிவீட்டில் பிரச்சினை இல்லை. பல மாடிக் கட்டடமோ பிரெஷர் பம்ப்போ இருந்தால் 8 பார் தாங்கும் மாடலாக வாங்குங்கள்.

படி 4: எத்தனை லிட்டர்?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். சென்னையில் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி என்று வையுங்கள். 60 டிகிரிக்குச் சூடான 15 லிட்டரை அதோடு கலந்தால், 40 டிகிரியில் குளிக்க ஏறத்தாழ 40 லிட்டர் கிடைக்கும். பக்கெட் கணக்கில் இரண்டு. ஊட்டியில் தண்ணீரே 15 டிகிரி என்றால் அதே கீசர் 27 லிட்டர்தான் தரும், அங்கே 25 லிட்டர் கீசர்தான் சரி. ஆக, சமவெளியில் பக்கெட்டில் குளிக்கும் நான்கு பேருக்கு 15 லிட்டரே போதும், ஆளுக்கு ஆள் இருபது நிமிடம் இடைவெளி விட்டால். ஷவரில் நின்று குளிப்பவர்கள் 25-க்குப் போங்கள். சமையலறை சிங்க்குக்கு 3 லிட்டர் இன்ஸ்டன்ட்.

ஸ்டார் லேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. டேங்க் கீசரில் அந்த நட்சத்திரங்கள் சொல்வது, சூடான தண்ணீர் சும்மா இருக்கும்போது எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதை. நாள் முழுக்க ஆன் செய்து வைக்கும் வீட்டில் அது பெரிய விஷயம். குளிக்கும் முன் போட்டுவிட்டு அணைக்கும் வீட்டில் வித்தியாசம் கொஞ்சம்தான். 15 லிட்டரை ஒருமுறை சூடாக்க 0.6 யூனிட் ஆகும். தினம் இரண்டு முறை என்றால் இரண்டு மாத பில்லில் 70 யூனிட்டுக்கு மேல். தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் நல்ல பங்கை கீசரே எடுத்துக்கொள்ளும்.

போர் தண்ணீர் வீடென்றால் எலிமென்ட்டில் உப்பு படியும், டேங்க் அரிக்கும். உள்ளே கண்ணாடிப் பூச்சு கொண்ட டேங்க், இன்கோலாய் (அரிப்பைத் தாங்கும் உலோகக் கலவை) எலிமென்ட், டேங்க் அரிக்காமல் தான் கரையும் மெக்னீசியம் ராடு மூன்றும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொட வேண்டாம்.

படி 5: மொத்தச் செலவு

நல்ல கம்பெனி 15 லிட்டர் சுமார் 6,000 முதல் 12,000 ரூபாய், 25 லிட்டர் 8,000 முதல் 15,000. மாட்டும் கூலி சில நூறு, சில கம்பெனிகள் இலவசமாகவே செய்யும். ஆனால் இரண்டு கனெக்‌ஷன் பைப், கூடுதல் வால்வு இவற்றுக்குத் தனியாக 500 முதல் 1,000 வரை வாங்குவார்கள். ஆர்டர் செய்யும்போதே எது இலவசம், எது இல்லை என்று கேட்டுவிடுங்கள். புது லைன் இழுக்க வேண்டியிருந்தால் மூவாயிரம், நாலாயிரம் வரும், தூரத்தைப் பொறுத்து ஏறும். ஆக 8,000 ரூபாய் கீசர் என்றால், எல்லாம் சரியாக இருக்கும் வீட்டில் 9,000 ரூபாயில் முடியும் வேலை, வயரிங் மோசமான வீட்டில் 15,000-ஐத் தொடும். வாடகை வீட்டுக்காரர்கள் இந்தப் படியிலேயே ஓனரிடம் பேசிவிடுவது நல்லது.

பழைய கீசரை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன் காயலான் கடையிலும் விலை கேளுங்கள்.

படி 6: மாட்டும் நாள்

கம்பெனி ஆளே மாட்டட்டும், இல்லாவிட்டால் வாரன்டியில் சண்டை வரும். பழையதைக் கழற்றும் முன் எம்சிபியை இறக்கி, தண்ணீர் வால்வை மூடி, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட வேண்டும். முந்தைய நாளிலிருந்தே கீசரைப் போடாதீர்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சுடுதண்ணீர் கையில் கொட்டும்.

புதியதில் நீலம் குளிர்ந்த தண்ணீர் நுழையும் வழி, சிவப்பு வெளியே வரும் வழி. சேஃப்டி வால்வு நீலப் பக்கம் இருக்கிறதா, அதன் சொட்டுக் குழாய் தரையை நோக்கித் திறந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பிறகு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, காற்று இல்லாமல் சீராகத் தண்ணீர் வரும்வரை விட வேண்டும். டேங்க் நிரம்பாமல் சுவிட்சைப் போட்டால் புது எலிமென்ட் கருகிவிடும், அதற்கு வாரன்டியும் கிடைக்காது. முதல் முறை சூடாகும்போது ஒவ்வொரு இணைப்பிலும் கை வைத்து ஈரம் இருக்கிறதா பாருங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தி, அது விழுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

போர் தண்ணீர் வீட்டுக்காரர்கள் ஒரு வருடம் கழித்து மெக்னீசியம் ராடைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அது பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடலாம், கீசரோடு ஒப்பிட்டால் சின்னச் செலவு. மழைக்காலம் தொடங்கிவிட்டால் சர்வீஸ் ஆட்கள் பிடிபட மாட்டார்கள், செப்டம்பரிலேயே கூப்பிட்டுவிடுங்கள்.