ஒட்டுவதற்கு முன் பேட்டரியைச் சொருகுங்கள்: எலெக்ட்ரிக் கிளைடர் பொருத்தும் முறை

பெட்டியைத் திறந்தால் ஐந்தாறு துண்டுகள்தான் இருக்கும். உடல், இரண்டு இறக்கைகள், கிடைமட்ட வால், செங்குத்து வால், ஒரு கார்பன் குழாய், திருகுகள் போட்ட சின்ன பாலிதீன் பை. மோட்டார், இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்), சர்வோ (வால், இறக்கையின் அசையும் பாகங்களை இயக்கும் குட்டி மோட்டார்) எல்லாம் கம்பெனியிலேயே மாட்டி வந்துவிடும். பார்த்ததும் கை பரபரக்கும், பசையை எடுத்து வாலை ஒட்டிவிடத் தோன்றும். கூட வரும் தாளிலும் அதுதான் முதல் படம். அந்த வரிசையை நான் பின்பற்றுவதில்லை. முதலில் ரேடியோ (கையில் வைத்து இயக்கும் ரிமோட்), அப்புறம் சர்வோ, அதற்குப் பிறகுதான் பசை. ஒட்டி முடித்த பிறகு ஒரு சர்வோ வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். வாலைப் பிய்க்கவும் முடியாது.

இந்தப் பதிவு 1.4 முதல் 2 மீட்டர் வரை இறக்கை நீளம் உள்ள, ஈபிஓ நுரையில் செய்த, மூக்கில் மடங்கும் ப்ரொப்பல்லர் வைத்த கிளைடர்களுக்கு. பேட்டரி 3 செல் லைபோ (லித்தியம் பாலிமர்). லைபோவை பேலன்ஸ் சார்ஜ் (எல்லா செல்லும் ஒரே வோல்டேஜுக்கு வருமாறு சார்ஜ்) செய்யத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். தெரியாவிட்டால் அதை முதலில் கற்றுக்கொண்டு வாருங்கள், கிளைடர் எங்கும் ஓடிப்போகாது.

கையில் என்ன வேண்டும்

ரேடியோவுக்கு ஃப்ளைஸ்கை ஐ6 போதும். 6 சேனல், விலை குறைவு, நம் ஊரில் நிறையப் பேர் வைத்திருப்பதால் சந்தேகம் கேட்கவும் ஆள் உண்டு. ரேடியோவில் மிச்சம் பிடித்து நல்ல சார்ஜர் வாங்குங்கள் என்பது என் கட்சி.

பசை விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். ஹாட் க்ளூ கன் வேண்டவே வேண்டாம். மற்ற ஊர்க்காரர்கள் வீடியோவில் ஜாலியாக ஒட்டுவார்கள். வேலூர் கத்திரி வெயிலில் அரை மணி நேரம் கிளைடரைத் தரையில் வைத்துப் பாருங்கள், அந்தப் பசை இளகி வால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஃபெவிக்விக் ஈபிஓவில் பிடிக்கும், ஆனால் நேராக்க நேரம் தராது. வைத்தது வைத்ததுதான். வெள்ளைத் தெர்மாகோல் பாகம் ஏதாவது இருந்தால் அதைக் கரைத்தே விடும். நான் பயன்படுத்துவது 5 நிமிட எபாக்ஸி. ஏப்ரல், மே மாதங்களில் அந்த 5 நிமிடம் மூன்றாகிவிடும். அதனால் ஒரு இணைப்புக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள், முடிந்தால் காலை நேரத்தில்.

மற்றபடி நைஸ் உப்புத்தாள், மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட், கட்டர், நோஸ் பிளையர், சமையலறை எடை மெஷின், இரண்டு மீட்டர் தையல் நூல், சைக்கிள் கடையில் கிடைக்கும் வால்ட்யூப் (வால்வில் போடும் மெல்லிய ரப்பர் குழாய்) ஒரு துண்டு. பேட்டரியைப் பிடித்து வைக்க வெல்க்ரோ வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் இருப்பவர்கள் ஷூ மெட்டீரியல் விற்கும் கடையில் கேளுங்கள், ஹாபி கடை விலை கொடுக்க வேண்டியதில்லை.

ரேடியோவும் மோட்டாரும்

ப்ரொப்பல்லரை இன்னும் மாட்டாதீர்கள். மாட்டி வந்திருந்தால் கழற்றிவிடுங்கள். இதில் சமரசமே கிடையாது.

ரிசீவரில் (கிளைடருக்குள் இருந்து ரேடியோ சிக்னலை வாங்கும் பெட்டி) சேனல் வரிசை இப்படி: ஐலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பாகம்) 1, எலிவேட்டர் (கிடைமட்ட வாலில் அசையும் பாகம்) 2, இஎஸ்சி 3, ரடர் (செங்குத்து வாலில் அசையும் பாகம்) 4. இரண்டு ஐலரான்களும் ஒய் கேபிள் வழியாக ஒரே சேனலுக்கு வரும். வயரின் கருப்பு அல்லது பழுப்பு நிறம் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதை ரிசீவரின் ஸ்டிக்கரில் பார்த்துச் சொருகுங்கள். ரேடியோவையும் ரிசீவரையும் ஜோடி சேர்ப்பதுதான் பைண்ட். பைண்ட் பிளக்கை அதற்கான இடத்தில் போட்டு, பேட்டரியை இணைத்து, ரேடியோவின் பைண்ட் பட்டனை அழுத்தியபடி ஆன் செய்யுங்கள். ரிசீவர் விளக்கு சிமிட்டும் விதம் மாறினால் பைண்ட் ஆகிவிட்டது. பிளக்கை எடுத்துவிட்டு இரண்டையும் ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். எப்போதும் ரேடியோதான் முதலில் ஆன், கடைசியில் ஆஃப்.

அடுத்தது இஎஸ்சிக்கு த்ராட்டில் (மோட்டார் வேகம்) அளவு சொல்லிக்கொடுப்பது. பேட்டரியைக் கழற்றி, த்ராட்டில் குச்சியை முழுக்க மேலே தள்ளி வைத்து, பேட்டரியைச் சொருகுங்கள். பீப் சத்தம் வந்ததும் குச்சியை முழுக்கக் கீழே இறக்குங்கள். மறுபடி பீப் வந்தால் முடிந்தது. மெதுவாக த்ராட்டில் கொடுத்துப் பாருங்கள். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் அதற்கும் இஎஸ்சிக்கும் நடுவே உள்ள மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை இடம் மாற்றுங்கள். ரேடியோவில் ரிவர்ஸ் செய்தால் இது சரியாகாது, குச்சியின் திசைதான் மாறும்.

அப்படியே ஃபெயில்சேஃபையும் (சிக்னல் அறுந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஏற்பாடு) முடித்துவிடுங்கள். ஐ6இல் ஆர்எக்ஸ் செட்டப் பகுதியில் இருக்கிறது. சேனல் 3க்கு த்ராட்டில் முழுக்கக் கீழே இருக்கும் நிலையைப் பதிவு செய்யுங்கள். பிறகு மோட்டார் ஓடும்போதே ரேடியோவை ஆஃப் செய்யுங்கள். மோட்டார் நின்றே ஆக வேண்டும். நிற்காத கிளைடரை வீட்டை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.

சர்வோவை நடுவில் நிறுத்துவது

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். கிளைடர் மேலே போனதும் மூக்கைத் தூக்கிக்கொண்டே இருக்கிறது, ட்ரிம்மை (குச்சிக்குப் பக்கத்தில் இருக்கும், நடுநிலையை நகர்த்தும் பட்டன்) முழுக்கத் தள்ளியும் போதவில்லை என்று சொல்பவர்களின் விமானத்தைத் திறந்து பாருங்கள், சர்வோ கை கோணலாக நிற்கும்.

பெட்டியில் வரும்போது சர்வோ கை எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் இருக்கலாம், லாரியில் குலுங்கி வந்த சரக்கு அது. ரேடியோவில் எல்லா ட்ரிம்மும் சுழியில் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியை இணைத்தால் சர்வோ தானாக நடுவுக்குப் போய் நிற்கும். இப்போது கையின் நடுத் திருகைக் கழற்றி, கையை உருவி, சர்வோவிலிருந்து அசையும் பாகத்துக்குப் போகும் கம்பிக்குச் சரியாக 90 பாகை வருமாறு திரும்ப மாட்டுங்கள். உள்ளே இருக்கும் பற்களால் மிகச் சரியாக 90 கிடைக்காது, ஒரு பல் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நிற்கும். கிட்ட வருவதைத் தேர்ந்தெடுங்கள். மிச்சத்தை சப்ட்ரிம்மில் (ரேடியோ மெனுவில் நடுநிலையை நுணுக்கமாக மாற்றும் இடம்) சரிசெய்யலாம்.

அடுத்தது கீல். ஈபிஓவில் எலிவேட்டரும் ஐலரானும் மெல்லிய நுரைக் கீலில்தான் தொங்கும், புதிதாக இருக்கும்போது விறைப்பாக இருக்கும். விரலால் மேலும் கீழுமாக மெதுவாக முப்பது நாற்பது தடவை மடக்கிக் கொடுங்கள். இல்லாவிட்டால் 9 கிராம் சர்வோ தேவையில்லாமல் திணறும்.

ஹார்ன் (அசையும் பாகத்தில் மாட்டும், ஓட்டை போட்ட சின்னக் கொம்பு) திருகும்போது அதன் ஓட்டை வரிசை கீல் கோட்டுக்கு நேர் மேலே வர வேண்டும். முன்னே பின்னே போனால் மேலே ஏறும் அளவும் கீழே இறங்கும் அளவும் ஒன்றாக இருக்காது. கம்பியை ஹார்னில் வெளி ஓட்டையிலும், சர்வோ கையில் உள் ஓட்டையிலும் மாட்டுங்கள். அசைவு குறையும், ஆனால் துல்லியம் கூடும். கிளைடருக்கு அதுதான் நல்லது. எலிவேட்டர் மேலும் கீழும் 8 முதல் 10 மில்லிமீட்டர் அசைந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

கம்பியின் நீளத்தை, வாலை ஒட்டியபின், கிளெவிஸை (கம்பி முனையில் உள்ள கொக்கி) திருகித்தான் சரிசெய்ய வேண்டும். சரியானதும் கிளெவிஸின் மேல் வால்ட்யூப்பில் ஒரு சிறு வளையம் வெட்டிப் போடுங்கள். அதிர்வில் கிளெவிஸ் திறந்துகொள்ளாமல் அது பிடித்துக்கொள்ளும்.

வால்

இப்போது பசை. ஒட்டும் முகங்களை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். இறக்கைகளைப் பசையில்லாமல் கார்பன் குழாயில் கோத்து உடலில் மாட்டிவிட்டு, அதற்குப் பிறகு வாலை ஒட்டுங்கள். இறக்கை இல்லாமல் வாலை எதோடு ஒப்பிட்டு நேர் பார்ப்பீர்கள்?

நூலின் ஒரு முனையை மூக்கின் நடுவில் குண்டூசியால் குத்தி, மறுமுனையைக் கிடைமட்ட வாலின் இடது நுனிக்கும் வலது நுனிக்கும் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். இரண்டும் ஒரே நீளம் வர வேண்டும். பிறகு பின்னால் நான்கடி தள்ளி நின்று, வாலும் இறக்கையும் இணையாக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். எபாக்ஸி இறுகும்வரை கைபேசியை எடுக்காதீர்கள்.

வழியில் வால் கொஞ்சம் வளைந்து வந்திருந்தால் பதற வேண்டாம். இட்லிப் பானை ஆவியில் சற்றுக் காட்டி, எதிர்ப்பக்கம் மெதுவாக வளைத்து, ஆறும்வரை பிடித்திருங்கள். இதை ஒட்டுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

திசைச் சோதனை

கிளைடருக்குப் பின்னால், அதன் முதுகைப் பார்த்தபடி நில்லுங்கள். முன்னால் நின்று பார்த்தால் இடம் வலம் குழம்பும். குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது ஐலரான் மேலே, இடது கீழே. குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே. ரடர் குச்சி வலம் போனால் ரடரும் வலம். மாறி இருந்தால் ரேடியோவில் ரிவர்ஸ். வாயால் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், யார் பார்த்து என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

எக்ஸ்போ (குச்சியின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் செட்டிங்) 30 சதவீதம் வைக்கலாம். ரேடியோவுக்கு ரேடியோ கூட்டல் கழித்தல் குறி மாறும். திரையில் கோடு நடுவில் தட்டையாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ரிசீவரின் இரண்டு ஆன்டெனாக்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, கார்பன் குழாயை விட்டு விலகி இருக்க வேண்டும்.

எடை மையம்

ப்ரொப்பல்லரை இப்போது மாட்டலாம். எழுத்து அச்சிட்ட பக்கம் முன்னோக்கி இருக்கட்டும். பிளேடு திருகுகளை இறுக்கிவிடாதீர்கள், மூக்கை மேலே தூக்கிப் பிடித்தால் பிளேடுகள் தானாக மடிந்து விழ வேண்டும். ஸ்பின்னரின் (ப்ரொப்பல்லரின் நடுவில் உள்ள கூம்பு) நடு நட்டு மட்டும் நன்றாக இறுகியிருக்கட்டும்.

தாளில் எடை மையம் மில்லிமீட்டரில் கொடுத்திருப்பார்கள். இல்லாவிட்டால் உடலோடு சேரும் இடத்தில் இறக்கையின் அகலத்தை அளந்து, முன்விளிம்பிலிருந்து 30 சதவீதத்தில் தொடங்குங்கள். 20 சென்டிமீட்டர் அகலம் என்றால் 6 சென்டிமீட்டர். இரண்டு இறக்கைக்கு அடியிலும் பேனாவால் குறியுங்கள். பேட்டரி உள்ளே, மூடி மூடியபடி, குறியிட்ட இடங்களில் இரண்டு பென்சில்களின் ரப்பர் முனையில் தாங்குங்கள். கிளைடர் தராசு முள் போல மட்டமாக நிற்க வேண்டும், அல்லது மூக்கு ஒரு துளி தாழலாம். வால் தாழவே கூடாது.

தாழ்ந்தால் முதலில் பேட்டரியை முன்னே தள்ளுங்கள். போதாவிட்டால்தான் எடை. கார் வீல் பேலன்ஸிங் செய்யும் கடையில் 5 கிராம், 10 கிராம் ஒட்டுத் துண்டுகள் கிடைக்கும், மூக்குக்குள் ஒட்ட அவை அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும். சரியானதும் பேட்டரி நிற்கும் இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள்.

எங்கே, எப்போது

விடியற்காலை, காற்று எழுவதற்கு முன். பாலாற்று மணல் பரப்பு அகலமானது, ஆனால் சீமைக்கருவேலம் இல்லாத பகுதியாகப் பாருங்கள், அந்த முள் ஈபிஓவை மிச்சம் வைக்காது. அறுவடை முடிந்த வயலும் வறண்ட ஏரியும் இன்னும் நல்லது. மின்கம்பி இருக்கும் பக்கம் போகாதீர்கள். 2021 ட்ரோன் விதிகள் இதற்கும் பொருந்தும். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வரைபடத்தில் பச்சைப் பகுதி என்றால் 400 அடி உயரம் வரை பறக்கலாம். 2 கிலோவுக்குள், வியாபார நோக்கம் இல்லை என்றால் பைலட் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமானதளம் இருக்கிறது, அந்தப் பக்கத்துக்காரர்கள் வரைபடம் பார்க்காமல் எறியவே கூடாது. அப்துல்லாபுரம் விமான நிலையத்தைச் சுற்றி இருப்பவர்களும் அப்படியே.

காற்றுக்கு எதிராக, மட்டமாக, முக்கால் த்ராட்டில் கொடுத்து நேராகத் தள்ளுங்கள். மேல்நோக்கி எறியாதீர்கள். உயரம் வந்ததும் மோட்டாரை நிறுத்தி, மூக்கை லேசாகக் கீழே சாய்த்து எலிவேட்டர் குச்சியை விட்டுவிடுங்கள். சட்டென்று மேலே எழுந்தால் மூக்கில் எடை அதிகம். இன்னும் செங்குத்தாகக் கீழே போனால் வாலில் எடை அதிகம், உடனே இறக்கிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் பாறை மலைகள் சூடேறிப் பருந்துகள் வட்டமிட ஆரம்பிக்கும். வெப்பக் காற்று அங்கேதான் எழும்புகிறது. ட்ரிம் செய்து பழகிய பிறகு பருந்துகளின் கீழே போய்ச் சேருங்கள்.

பின்சேர்க்கை: குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர், மோட்டாரை நிறுத்தினாலும் ப்ரொப்பல்லர் மடங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கிளைடர் கல் மாதிரி இறங்குகிறது என்று எழுதியிருந்தார். இஎஸ்சியில் பிரேக் ஆஃபில் இருக்கிறது. பல இஎஸ்சிகள் அப்படித்தான் வரும். த்ராட்டில் முழுக்க மேலே வைத்துப் பேட்டரியைச் சொருகி, குச்சியை இறக்காமல் காத்திருந்தால் செட்டிங் பகுதி திறக்கும். எந்த பீப் வரிசை பிரேக்குக்கு என்பது உங்கள் இஎஸ்சியின் தாளில் இருக்கும். இதையும் ப்ரொப்பல்லர் இல்லாமல்தான் செய்ய வேண்டும்.

இன்னொன்று: மணலில் இறக்கிய பிறகு உடனே மோட்டாரை ஓட்டாதீர்கள். மோட்டாரின் காந்தம் பாலாற்று மணலில் உள்ள கருமணலை இழுத்து வைத்துக்கொள்ளும். கையால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்று இருந்தால் சைக்கிள் பம்ப்பால் ஊதி, ஒட்டியிருப்பதை டேப்பின் பசைப் பக்கத்தால் ஒற்றி எடுங்கள்.