பெட்ரோல், எரிவாயுக் குழாய்ப் பாதைக்கு நிலம் கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஓமலூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி ஃபைலோடு வீட்டுக்கு வந்தான். அவன் காட்டில் குழாய் பதித்து, குழியை மூடி, மட்டம் தட்டி மூன்று வாரம்தான் ஆகிறது. "அக்கா, வேலை முடிஞ்சதுன்னு ஒரு கையெழுத்துப் போட்டா பாக்கிப் பணத்துக்கு இன்னைக்கே செக் தர்றாங்களாம். போட்டுடட்டுமா?" என்றான். பேனா சட்டைப் பையிலேயே இருந்தது.

பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் இதே மாதிரிதான் ஒரு பங்குனி வெயிலில் நின்றேன். அப்போது தடுத்துச் சொல்ல ஆளில்லை. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் பத்திருபது குடும்பங்களோடு உட்கார்ந்து நோட்டீஸ் படித்திருக்கிறேன், மனு எழுதியிருக்கிறேன். திரும்பத் திரும்ப அதே தவறுகள்தான் நடக்கின்றன. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதே, நகல் வாங்கி வை என்பதெல்லாம் யாருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிடுகிறேன்.

21 நாளைத் தவற விடுவது

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இது நாம் 'முடியாது' என்று சொன்னால் நின்றுவிடும் பேச்சுவார்த்தை இல்லை. பெட்ரோல், எரிவாயுக் குழாய்களுக்கென்று 1962-ஆம் ஆண்டிலிருந்தே மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. நிலத்தை வாங்க மாட்டார்கள், பட்டாவும் நம் பெயரிலேயே இருக்கும். மண்ணுக்கு அடியில் குழாய் பதிக்கவும் பராமரிக்கவும் உள்ள 'பயன்பாட்டு உரிமை'யை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். சட்டத்தின் 3(1) பிரிவில் அரசிதழ் அறிவிப்பு வரும். அதில் உங்கள் சர்வே எண்ணும் பரப்பும் ஹெக்டேர் கணக்கில் இருக்கும். அதிலிருந்து 21 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை தரலாம். தகுதி வாய்ந்த அதிகாரி உங்களை நேரில் கூப்பிட்டு விசாரித்தாக வேண்டும், வக்கீலோடும் போகலாம்.

பெரும்பாலானவர்கள் அந்த 21 நாளை வீணாக்குகிறார்கள். நோட்டீஸ் பீரோவுக்குள் போய்விடும். இல்லாவிட்டால் 'விவசாயம் பாதிக்கும், திட்டத்தைக் கைவிட வேண்டும்' என்று எல்லோரும் ஒரே ஜெராக்ஸ் மனுவைக் கொடுப்பார்கள். அந்த மனுவுக்கு ஒரே வரியில் பதில் வந்துவிடும். நீங்கள் எழுத வேண்டியது வேறு. ரெண்டு ஏக்கர் காட்டில் மூலைக்கு மூலை குறுக்காகக் கோடு போட்டிருக்கிறார்களா? உங்கள் சர்வே எண்ணின் எஃப்.எம்.பி. (நில அளவை வரைபடம்) நகல் எடுத்து, வரப்பு ஓரமாக மாற்றுக் கோடு வரைந்து, எந்த சர்வே எண் வழியாகப் போகலாம் என்று காட்டுங்கள். குடியிருப்பு நிலம், வீட்டை ஒட்டிய மனை, அறிவிப்புக்கு முன்பே நிரந்தரக் கட்டடம் நிற்கும் இடம், இவற்றின் அடியில் குழாய் போடக் கூடாது என்று 7-ஆவது பிரிவே சொல்கிறது. ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்திலும் போடக் கூடாது. உங்கள் காட்டுக்கு இதில் எது பொருந்துகிறதோ அதைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

'கோர்ட்டு நிறுத்திடும், அரசாங்கம் நிறுத்திடும்' என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு பழைய கதையை ஞாபகப்படுத்துகிறேன். கெயில் நிறுவனத்தின் கொச்சி - பெங்களூரு குழாய் சேலம் உட்பட 7 மாவட்டங்கள் வழியாக வந்தபோது, விளைநிலத்தை விட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகும்படி 2013-இல் தமிழக அரசே சொன்னது. அந்த ஆண்டே உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்திலும் மாநில அரசின் மேல்முறையீடு நிற்கவில்லை. போராடுவதை நான் தவறென்று சொல்லவில்லை, நானே மறியலில் உட்கார்ந்தவள். போராடிக்கொண்டே மனுவையும் கொடுத்துவிடுங்கள்.

'மேலே உழுதுக்கலாம்தானே' என்று நினைப்பது

உழலாம். நிலக்கடலை, சோளம், மஞ்சள், மரவள்ளி வைக்கலாம். ஆனால் குழாய்க்காக உரிமை எடுத்த அந்த நீளப் பட்டையில் வீடோ வேறு கட்டுமானமோ எழுப்பக் கூடாது, கிணறு, குட்டை வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. 9-ஆவது பிரிவு. நம் ஊரில் மகனுக்கு வீடு கட்டுவதும் தண்ணீர் வற்றினால் அடுத்த கிணறு வெட்டுவதும் தென்னையும் பாக்கும் வைப்பதும்தான் நிலத்தின் எதிர்காலமே. எதையெல்லாம் இழக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகு பணத்தைப் பேசப் போங்கள்.

வழிகாட்டி மதிப்போடு நின்றுவிடுவது

சட்டப்படி பயன்பாட்டு உரிமைக்குக் கிடைப்பது, 3(1) அறிவிப்பு வந்த தேதியில் அந்தப் பட்டையின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிருக்கும் மரத்துக்கும் மற்றச் சேதத்துக்கும் தருவது இதில் சேராது, அது தனி. 'சந்தை மதிப்பு' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்திர ஆபீஸ் வழிகாட்டி மதிப்பை வைத்துக் கணக்குப் போட்டால் நமக்குத்தான் நட்டம். அந்த மதிப்பை 2017 ஜூனில் அரசே ஒரே உத்தரவில் 33 சதவீதம் குறைத்தது. அதற்காக நம் மண் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு மலிந்துவிட்டதா?

கணக்கு இப்படி வரும். 20 மீட்டர் அகலத்தில் 100 மீட்டர் நீளம் போனால் 2,000 சதுர மீட்டர், ஏறக்குறைய 49 சென்ட். வழிகாட்டி மதிப்பு ஏக்கர் 12 லட்சம் என்று வைத்தால் 10 சதவீதம் 59,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். பக்கத்துக் காடு ஏக்கர் 40 லட்சத்துக்குக் கிரயம் ஆகியிருந்தால் அதே 49 சென்டுக்கு 1,96,000. சுற்று வட்டாரத்தில் அறிவிப்புக்கு முன்பு பதிவான கிரயப் பத்திரங்களின் நகலைப் பத்திர ஆபீஸில் எடுத்து மனுவோடு சேருங்கள். அதிகாரி போட்ட தொகை ஒத்துவரவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் மனுப் போடலாம், 10-ஆவது பிரிவு அந்த வழியைத் தருகிறது.

கூட்டுப் பட்டா

பங்காளிகளோடு பேசி முடிக்காமல் கம்பெனியோடு பேசாதீர்கள்.

மழைக்கு முன்பே 'வேலை முடிந்தது' என்று எழுதிக் கொடுப்பது

இதுதான் அந்தத் தம்பி செய்ய இருந்தது. நான் செய்தது. இன்றும் அந்தப் பட்டையைத் தாண்டிப் போகும்போது எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் காட்டில் மேலே ஒன்றேகால் அடிக்குச் செம்மண். அதற்குக் கீழே வெள்ளை வெளேரென்று சுக்கான் கல். கடப்பாரையை ஓங்கிக் குத்தினால் முதல் குத்தில் மெத்தென்று இறங்கும், ரெண்டாவது குத்தில் 'டங்' என்று கை அதிரும். அந்த ஒன்றேகால் அடியைத்தான் என் மாமனார் காலத்திலிருந்து எருவும் ஆட்டுக்கிடையும் போட்டு வளர்த்தோம். குழாய் போட வந்த ஹிட்டாச்சி ஆறடிக்குத் தோண்டி எல்லா மண்ணையும் ஒரே குவியலாகப் போட்டது. செம்மண் அடியில், சுக்கான் மேலே. மூடும்போது குவியலை அப்படியே குழிக்குள் தள்ளினார்கள். நான் எங்கே இருந்தேன்? அதே வரப்பில்தான் இருந்தேன். சூப்பர்வைசரோடு நின்று எத்தனை தென்னை எழுதியிருக்கிறார்கள் என்று மகஜரை, அதாவது சேதப் பட்டியலை, சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மரத்தை எண்ணினேன், மண்ணைப் பார்க்கவில்லை.

வேலை முடிந்ததும் மட்டம் தட்டி, மேடு பள்ளமில்லாமல் களம் மாதிரி ஆக்கிக் கொடுத்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. 'ஒரு கையெழுத்துதானேம்மா' என்று தாளை நீட்டினார்கள். மூன்றே வரி. நிலம் பழைய நிலைக்குக் கொண்டுவரப்பட்டது, எனக்கு முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை. பாக்கி 22,000 ரூபாய்க்குச் செக் வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுத்தேன்.

புரட்டாசியில் சேர்வராயன் மலைப் பக்கம் கருத்து, ராத்திரி முழுக்கக் கொட்டியது. காலையில் போய்ப் பார்த்தால் குழி போன வழி நெடுக முழங்கால் ஆழத்துக்கு மண் உள்வாங்கி வாய்க்காலாகக் கிடந்தது. மேல் காட்டுத் தண்ணீர் முழுவதும் அந்த வழியில் விழுந்து ரெண்டு வரப்பை அறுத்துவிட்டது. வண்டிகள் ஓடிய பாகம் ரோடு போல இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல் நின்றது. தையில் அந்தப் பட்டையிலும் மரவள்ளிக் குச்சி நட்டோம். குச்சி துளிர்த்தது, செடி இடுப்பளவுக்கு மேல் வரவில்லை. பிடுங்கினபோது கிழங்கு விரல் தடிமன்தான். சேகோ (ஜவ்வரிசி) மில்லில் மாவுச் சத்தைப் பார்த்தபோது மற்ற இடத்துக் கிழங்கு 27 பாயிண்ட் காட்டியது, இந்தப் பட்டையில் எடுத்தது 21. அதையும் சேர்த்து ஏற்றாதீர்கள், மொத்த லோடுக்கும் விலை போய்விடும் என்றார் மில்காரர்.

மனுவோடு அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி கோபப்படவும் இல்லை, விரட்டவும் இல்லை. ஃபைலைத் திருப்பி என் கையெழுத்தைக் காட்டினார். எனக்குப் பேச்சு வரவில்லை. அப்புறம் ஏரி வண்டல் அடித்து, மூன்று வருஷம் கிடை போட்டு, அஞ்சாவது வருஷம்தான் அந்தப் பட்டையில் கிழங்கு என்று சொல்லும்படி ஒன்று விளைந்தது.

எனவே, தோண்டுவதற்கு முன்பே எழுதி வாங்க வேண்டியவை இவை. மேல்மண்ணைத் தனியாக வழித்து ஒரு பக்கம், அடிமண்ணை இன்னொரு பக்கம் குவிக்க வேண்டும். மூடும்போது அடிமண் முதலில், மேல்மண் கடைசியில். கிளம்பி வரும் கல்லை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விட வேண்டும். வண்டி ஓடி இறுகிய பாகத்தை ஆழமாகக் கிளறி விட வேண்டும். அறுந்த வரப்பும் சொட்டுநீர்க் குழாயும் பழையபடி ஆக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வடகிழக்குப் பருவமழை முழுக்க முடிந்த பிறகுதான் நிறைவுச் சான்றில் கையெழுத்து. இதை எழுத மறுத்தால் ஆட்சேபணை விசாரணையிலேயே சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

தோண்டும் அன்று வீட்டில் ஒருவர் கட்டாயம் காட்டில் நிற்க வேண்டும். குழியின் சுவரில் எத்தனை அடிக்குச் செம்மண், எங்கே சுக்கான் ஆரம்பிக்கிறது என்று ஒரு அளவு டேப்பை வைத்துத் தேதியோடு போட்டோ எடுங்கள். என்னிடம் அப்படி ஒரு படம் கூட இல்லை.

செக்கைக் காட்டி அவசரப்படுத்தினால் என்ன செய்வது? வாங்கும் தொகைக்கு மட்டும் ரசீது கொடுங்கள். 'இந்தப் பருவப் பயிர் இழப்புக்காக இவ்வளவு ரூபாய், மறுப்புடன் பெற்றுக்கொண்டேன்' என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி இருந்தால் அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் இடுங்கள். அடிக்க விடவில்லை என்றால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்குச் சேர வேண்டிய இழப்பீடு எங்கேயும் போய்விடாது.

மகஜரில் 'மரம் - 14' என்று எழுத விடுவது

காய்க்கும் தென்னைக்கும் நேற்று நட்ட பிள்ளைக்கும் ஒரே மதிப்பு இல்லை. வகை, வயது, காய்ப்பு மூன்றும் ஒவ்வொரு மரத்துக்கும் எதிரே இருக்க வேண்டும். மண்ணுக்குள் போகும் பிவிசி குழாய், மோட்டார் கேபிள், வேலிக்கல் இவற்றையும் எழுதச் சொல்லுங்கள். அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேட்டில்) பயிர் சரியாக ஏறியிருக்கிறதா என்று வி.ஏ.ஓ.விடம் முன்கூட்டியே பாருங்கள். அடங்கலில் தரிசு என்று இருந்தால், காட்டில் கரும்பு நின்றாலும் வாதாட வேண்டியது நாம்தான்.

வாய்ப்பேச்சு

எழுத்தில் இல்லாதது கிடையாது.

பதித்ததோடு கணக்கை மூடிவிடுவது

பல வருஷம் கழித்துப் பழுது பார்க்கவோ சோதிக்கவோ வருவார்கள். வர உரிமை இருக்கிறது, தடுக்க முடியாது. ஆனால் அந்த வேலையில் பயிர் போனாலும் வரப்பு போனாலும் அதற்கும் இழப்பீடு உண்டு. குழாய் ஏற்கெனவே பதித்த நிலத்துக்கும் 10-ஆவது பிரிவு பொருந்தும். நம் ஆட்கள் 'அதான் அன்னைக்கே காசு வாங்கிட்டமே' என்று கேட்பதே இல்லை. வண்டி உள்ளே இறங்குவதற்கு முன்பு பயிரைப் படம் எடுத்துவிட்டு, அன்றைக்கே மனு எழுதுங்கள்.

அந்தத் தம்பியின் ஃபைலில் மண் பற்றி ஒரு வரி கூட இல்லை. ரெண்டு பேரும் அவன் காட்டுக்குப் போய்ப் பட்டையில் மூன்று இடத்தில் கடப்பாரையால் குத்திப் பார்த்தோம். மூன்றிலும் மேலேயே கல் தட்டியது. அங்கேயே உட்கார்ந்து மனு எழுதிப் படத்தோடு இணைத்து, நிறைவுச் சான்றை மார்கழியில் பேசிக்கொள்ளலாம் என்று சூப்பர்வைசருக்குப் போனில் சொன்னான். நாளை மறுநாள் அளக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நானும் போகிறேன்.